எலக்டிவ் எடுப்பதற்கு முன் கேட்டுப் பார்க்க வேண்டிய வகுப்புகள்: யேல் பல்கலைக்கழகத்தின் இலவச இலக்கியப் பாடங்கள்

ஆங்கில இலக்கியம் படிக்கிற எல்லோருக்கும் செமஸ்டருக்கு முன்னால் ஒரு படிவம் வரும். கட்டாயம் படிக்க வேண்டிய கோர் பேப்பர்கள் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். எலக்டிவ், அதாவது விருப்பப் பாடம், என்று போட்ட இடத்தில் மட்டும் நாம் டிக் அடிக்க வேண்டும். எதை வைத்து அடிக்கிறோம்? பாடத்தின் பெயர், சிலபஸில் ஒரு பக்கம், சீனியர்கள் சொல்கிற ஒரு வரி. "மில்டனா, அதெல்லாம் கஷ்டம்." "தியரி எடுத்தால் தலை சுற்றும்." "நாவல் எடு, ஜாலியாகப் போகும்." இந்த மூன்று அறிவுரையும் எனக்கும் கிடைத்தன. மூன்றையும் நான் ஏற்கவில்லை. ஏனென்றால் அந்த மூன்று பாடங்களும் நடக்கிற வகுப்பில் போய் உட்கார்ந்து பார்க்க ஒரு வழி இருந்தது. அந்த வழியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் 2007 டிசம்பரில் ஓபன் யேல் கோர்ஸஸ் என்ற தளத்தைத் தொடங்கியது. ஹியூலெட் அறக்கட்டளை நிதி கொடுத்தது. பல துறைப் பாடங்கள் அதில் இருக்கின்றன. ஒரு செமஸ்டர் முழுக்க வகுப்பறையில் நடந்ததை முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு வகுப்பு ஏறக்குறைய 50 நிமிடம். வீடியோ இருக்கிறது, ஒலிப்பதிவு தனியாக இருக்கிறது, பேசியது முழுவதும் எழுத்து வடிவிலும் இருக்கிறது. சிலபஸும் எந்த வாரம் எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்ற பட்டியலும் உண்டு. பணம் கட்ட வேண்டாம், பதிவு செய்ய வேண்டாம். சான்றிதழ் கிடையாது, கிரெடிட் கிடையாது. அதற்காக யாரும் இதை ஒதுக்க வேண்டாம். பாடம் தேர்ந்தெடுக்கிற வேலைக்கு இரண்டும் தேவையில்லை.

இப்போது வரும் ஆன்லைன் கோர்ஸ்களில் ஆசிரியர் கேமராவைப் பார்த்து ஐந்தாறு நிமிடம் பேசுவார், பிறகு ஒரு க்விஸ் வரும். ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ள அது உதவலாம். எனக்கு ஏற்ற பாடமா என்று தெரிந்துகொள்ள உதவாது. 50 நிமிடம் ஒரே கவிதையை வைத்துக்கொண்டு ஒருவர் பேசும்போது நம் மனம் எங்கே நிற்கிறது, எங்கே நழுவுகிறது என்பது முழு வகுப்பில் இருந்தால்தான் தெரியும். ஒரு எலக்டிவ் எடுப்பது என்றால் அப்படிப்பட்ட 50 நிமிடங்களைச் செமஸ்டர் முழுக்க வரிசையாக எடுப்பதுதானே.

ஆங்கிலத் துறையிலிருந்து இதில் நான்கு பாடங்கள்: பதினேழாம் நூற்றாண்டுக் கவிஞர் மில்டன், நவீனக் கவிதை, 1945க்குப் பிந்தைய அமெரிக்க நாவல், இலக்கியக் கோட்பாட்டு அறிமுகம். பாடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 25 வகுப்புகள். அமெரிக்கவியல் துறையிலிருந்து ஹெமிங்வே, ஃபிட்ஸ்ஜெரால்ட், ஃபாக்னர் மூவருக்கும் சேர்த்து ஒன்று. மொழிபெயர்ப்பில் படிக்கிறவர்களுக்கு டான்டேவும் செர்வான்டிஸும் தனித்தனிப் பாடங்களாக வேறு துறைகளிலிருந்து வருகிறார்கள்.

முதலில் கோட்பாடு, சீனியர்கள் சொன்ன அந்தத் தியரி: இலக்கியத்தை எந்தக் கேள்விகளோடு வாசிப்பது என்று பேசும் பாடம். பால் ஃப்ரை 2009இல் நடத்தியது. நண்பர்கள் கேட்டால் நான் முதலில் கையில் கொடுப்பது இதைத்தான். தியரி என்றால் நம் நோட்டில் என்ன இருக்கும்? ஒரு கோட்பாட்டாளரின் பெயர், அதன் கீழ் நான்கு பாயின்ட். டெரிடா, நான்கு பாயின்ட். லக்கான், நான்கு பாயின்ட். ஃப்ரை வேறு வழியில் போகிறார். எந்தக் கோட்பாட்டை எடுத்தாலும் கடைசியில் ஒரே ஒரு கதைக்கு வந்து சேருவார். அது டோனி என்ற இழுவை வண்டியைப் பற்றிய குழந்தைக் கதை. அரைப் பக்கம்கூட வராது. சிக்கிக்கொண்ட கார்களை இழுத்துச் செல்லும் டோனி ஒருநாள் தானே சிக்கிக்கொள்கிறது. நீட்டோ என்ற கார், அழுக்காகிவிடும் என்று உதவ மறுக்கிறது. ஸ்பீடி என்ற கார், எனக்கு நேரமில்லை என்கிறது. பிறகு பம்பி என்ற சின்ன கார் வந்து தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான் கதை.

இந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். ஃப்ராய்டைப் பேசும்போது, உதவி உடனே கிடைக்காமல் ஏன் தள்ளிப் போகிறது, இரண்டு மறுப்புக்குப் பிறகு மூன்றாவதாக ஏன் வருகிறது என்று கேட்கிறார். கதை முடிவைத் தள்ளிப்போடுவதற்கும் நம் ஆசை இயங்கும் விதத்துக்கும் உள்ள உறவு அங்கேயே கண் முன்னால் தெரிகிறது. மார்க்சியம் வரும்போது அதே நீட்டோவும் ஸ்பீடியும் யார், உழைக்கிற வண்டி எது, அழுக்குப்படாமல் இருக்கும் வசதி யாருக்கு உண்டு என்று கேள்வி மாறுகிறது. கதை முழுக்க 'நான்' என்று பேசும் டோனி, சிக்கிக்கொண்ட அந்த ஒரு கணத்தில் மட்டும் தன் பெயரைச் சொல்லி 'டோனிக்கு யார் உதவுவார்?' என்கிறது. இது கண்ணில் பட்டபோது நான் வீடியோவை நிறுத்திவிட்டு அந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து படித்தேன். கதை அப்படியே இருக்கிறது, கேட்கிற கேள்விதான் மாறுகிறது. தியரி என்றால் இதுதான் என்று எனக்குப் பிடிபட்ட இடம் அது.

பாடம் முழுக்க இப்படி இலகுவாக இருக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். முதல் சில வகுப்புகள் கடினம். ஒரு நூலுக்குப் பொருள் காண்பது எப்படி என்று கேட்கும் ஹெர்மெனூட்டிக்ஸில் தொடங்கி தத்துவவாதி காடமருக்குப் போய், அங்கிருந்து ரஷ்ய உருவவாதம், மொழியியலாளர் சோசூர், டெரிடா என்று ஏறுகிறார். இடையில் ஒரு வகுப்பை விட்டால் அடுத்தது புரியாது. ஃப்ரை நீளமான வாக்கியங்களில் பேசுகிறவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவே இன்னொன்றுக்குள் போய்விட்டுத் திரும்பி வருவார். எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் சமாளிக்கலாம். 2012இல் இந்த வகுப்புகளே புத்தகமாகவும் வந்தன. கடைசி வகுப்பின் தலைப்பே இப்போது கோட்பாட்டை வெறுக்காதவர் யார் என்ற கேள்விதான். தன் பாடத்தின் மீதுள்ள எதிர்ப்பை மறைக்காமல் அதையே கடைசி வகுப்பாக வைக்கிற ஆசிரியரிடம் எனக்கு மதிப்பு கூடுகிறது.

அடுத்தது மில்டன். 2007இல் ஜான் ராஜர்ஸ் நடத்தியது. மில்டனைக் கஷ்டம் என்று சொல்கிற எவரும் முதல் மூன்று வகுப்புகளைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும். ராஜர்ஸ் நேராக 'பாரடைஸ் லாஸ்ட்' என்ற பெரிய காவியத்துக்குப் போவதில்லை. இன்னும் எதுவும் எழுதிச் சாதிக்காத ஓர் இளைஞனிடமிருந்து தொடங்குகிறார். 1629ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ், மில்டனுக்கு அப்போதுதான் 21 வயது நிறைந்திருக்கிறது. கிறிஸ்துவின் பிறப்பைப் பற்றி ஒரு பாடல் எழுதுகிறான். நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து கீழ்த்திசை ஞானிகள் காணிக்கைகளோடு வந்துகொண்டிருக்கிறார்கள். கவிஞன் தன் கலைத்தேவதையிடம், ஓடு, அவர்களை முந்திக்கொண்டு போய் என் பாட்டை முதலில் அந்தக் குழந்தையின் காலடியில் வை என்கிறான். பக்திப் பாடல் என்று நாம் கடந்துபோகிற இடம் இது. அதற்குள் ஒரு பந்தயம் நடப்பதை ராஜர்ஸ் காட்டுகிறார். நடந்து 1600 ஆண்டுகளுக்கு மேலான ஒரு நிகழ்ச்சிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர வேண்டும் என்று துடிக்கிற ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான். முதல்வனாக வர வேண்டும், ஆனால் இன்னும் தயாராகவில்லை என்ற அந்தத் தவிப்பைப் பிடித்துக்கொண்டால், பிறகு வரும் 'லிசிடஸ்' என்ற இரங்கல் பாட்டு, பேச்சுரிமைக்காக எழுதிய 1644ஆம் ஆண்டுக் கட்டுரை, கண் பார்வை போனபின் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய 'பாரடைஸ் லாஸ்ட்' எல்லாம் ஒரே மனிதனின் கதையாகத் தொடர்ந்து வருகின்றன.

நம் உரையாசிரியர்கள் ஒரு பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்லிக்கொண்டே போவார்களே, ராஜர்ஸ் வகுப்பு ஏறக்குறைய அப்படி. வரியைப் படிப்பார், நிறுத்துவார், ஒரு சொல்லில் நிற்பார், மறுபடி படிப்பார். அந்த மாதிரி வாசிப்பு பிடித்தவர்களுக்கு மில்டன் எலக்டிவ் இனிக்கும். கதை வேகமாக நகர வேண்டும் என்கிறவர்களுக்குப் பாதியிலேயே சலிக்கும். இதைப் பாடத்தின் பெயரிலிருந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. இன்னொரு வசதி, மில்டனுக்காகப் புத்தகம் வாங்கக்கூட வேண்டாம். டார்ட்மத் கல்லூரியின் மில்டன் ரீடிங் ரூம் தளத்தில் கவிதைகள் குறிப்புகளோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் வகுப்பு, மறு பக்கம் மூலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஜாலியாகப் போகும் என்று சொல்லப்பட்ட நாவல். ஏமி ஹங்கர்ஃபோர்ட் 2008இல் நடத்திய அமெரிக்க நாவல் பாடத்தின் சிலபஸை முதலில் திறந்து பாருங்கள். ரிச்சர்ட் ரைட், ஃப்ளானரி ஓ'கானர், நபகோவ், கெரோவாக், சாலிஞ்சர், பின்ச்சன், டோனி மாரிசன், மேக்சின் ஹாங் கிங்ஸ்டன், மர்லின் ராபின்சன், கார்மக் மெக்கார்த்தி, ஃபிலிப் ராத், எட்வர்ட் ஜோன்ஸ். எல்லாம் ஒரே செமஸ்டரில். கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒரு நாவல், சில வாரங்களில் அதைவிட வேகம். கவிதைப் பேப்பரில் ஒரு வாரத்துக்குப் பத்துப் பக்கம் படித்தால் போதும், ஆனால் அந்தப் பத்துப் பக்கத்தைப் பல தடவை படிக்க வேண்டும். நாவல் பேப்பரில் முன்னூறு பக்கத்தை ஒரு தடவையாவது முடித்தாக வேண்டும். இரண்டும் உழைப்புதான். எந்த உழைப்பு நம் கைக்கு வரும் என்பதை அவரவர்தான் பார்க்க வேண்டும். வேறு மூன்று பேப்பர்களோடு சேர்த்து ஒரு நாவல் பேப்பர் எடுக்கிறவர் இந்தப் பட்டியலைக் காலண்டரோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

பாடம் அருமையான பாடம், அதில் சந்தேகமில்லை. ரைட்டின் 'பிளாக் பாய்' வகுப்பு ஒன்று போதும். கறுப்பினச் சிறுவனாக வளர்ந்ததைச் சொல்லும் அந்தச் சுயசரிதை 1945இல் வெளிவந்தபோது பின்பகுதி இல்லாமல் வந்தது. புக் ஆஃப் தி மன்த் கிளப் அந்த நூலைத் தன் சந்தாதாரர்களுக்காக எடுத்துக்கொண்டபோது, முன்பகுதி மட்டும் போதும் என்றது. முடிவை எப்படி எழுதுவது என்பதைப் பற்றி ரைட்டுக்கும் கிளப்பின் தேர்வுக் குழுவிலிருந்த டாரதி கேன்ஃபீல்ட் ஃபிஷருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. அமெரிக்க இலட்சியங்களிலிருந்து இந்தச் சிறுவனுக்கு ஏதாவது நம்பிக்கை கிடைத்திருக்குமே, அதைக் கொஞ்சம் சொல்லக்கூடாதா என்பது ஃபிஷரின் விருப்பம். ஹங்கர்ஃபோர்ட் அந்தக் கடிதங்களை வகுப்புக்குக் கொண்டுவந்து, ரைட் எங்கே விட்டுக்கொடுக்கிறார், எங்கே பிடிவாதமாக நிற்கிறார் என்று காட்டுகிறார். ஒரு நாவலையோ சுயசரிதையையோ கையில் எடுக்கும்போது இது யார் யார் மேஜையைத் தாண்டி வந்தது என்று கேட்கும் பழக்கம் எனக்கு இந்த வகுப்பிலிருந்துதான் வந்தது. கடைசி நாவலை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு சிலபஸ் எப்படி உருவாகிறது, அதில் எதற்கு இடம் கிடைக்கிறது என்பதை மாணவர்களையே யோசிக்க வைக்கிற ஏற்பாடு அது. எல்லாத் துறைகளிலும் இது வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நவீனக் கவிதையை நடத்துகிறவர் லாங்டன் ஹாமர். 2007ஆம் ஆண்டு வகுப்பு. ஃப்ராஸ்ட், யேட்ஸ், முதல் உலகப் போர்க் கவிஞர்கள், பவுண்ட், எலியட், ஹார்ட் கிரேன், லாங்ஸ்டன் ஹியூஸ், வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், மேரியன் மூர், ஸ்டீவன்ஸ், ஆடன், எலிசபெத் பிஷப். இந்தப் பட்டியலில் எந்தப் பெயரும் தெரியாதவர்கூட இதில் தைரியமாக உட்காரலாம். குரல் நிதானமானது, கவிதையை வாசிக்கும் விதம் அழகு. சுருக்கமான சொற்களில் ஒரு படிமத்தை நேராகக் காட்டும் கவிதை இயக்கமான இமேஜிசம் பற்றிய வகுப்பைக் கேட்பதற்கு முன், மெட்ரோ ரயில் நிலையத்தைப் பற்றி பவுண்ட் 1913இல் வெளியிட்ட அந்தக் குட்டிக் கவிதையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரி, தலைப்பை விட்டால் மொத்தம் 14 சொல். வினைமுற்றே கிடையாது. கூட்டத்தில் முகங்கள், ஈரமான கறுத்த கிளையில் பூவிதழ்கள். முதல் வரிக்கும் இரண்டாவதற்கும் நடுவே என்ன நடக்கிறது என்று நீங்களே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அப்புறம் வகுப்பைக் கேளுங்கள். அந்த யோசனை உங்களுக்குப் பிடித்திருந்தால் கவிதை எலக்டிவ் எடுக்கலாம். எரிச்சலாக இருந்தால் வேறு பாடம் பாருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. ஒரு சிக்கல் மட்டும்: இந்தக் கவிதைகளில் பல இன்னும் காப்புரிமையில் இருப்பதால் தளத்தில் கிடைக்காது. நார்ட்டன் நவீனக் கவிதைத் தொகுப்பின் முதல் பகுதியை நூலகத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்வது அவசியம்.

வாய் சீ டிமாக்கின் ஹெமிங்வே, ஃபிட்ஸ்ஜெரால்ட், ஃபாக்னர் பாடம் 2011இல் எடுத்தது. ஃபாக்னருக்காக மட்டும் கேட்கலாம். மற்ற இருவரைப் பற்றிய வகுப்புகள் ஏற்கெனவே நாவலைப் படித்தவர்களுக்குத்தான் பயன்படும். பாடம் தேர்ந்தெடுக்கும் வேலைக்கு மற்ற நான்கு அளவுக்கு இது எனக்கு உதவவில்லை.

குறைகள் பெரியவை, சொல்லியே ஆக வேண்டும். ஷேக்ஸ்பியருக்குத் தனிப் பாடம் இல்லை. சாசர் இல்லை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் இல்லை. நாடகம் என்று தனியாக எதுவும் இல்லை. காலனி ஆட்சியையும் அதன் பின்விளைவுகளையும் பேசும் பின்காலனிய இலக்கியத்துக்கு ஃப்ரையின் பாடத்தில் ஒரு வகுப்பு மட்டும் இருக்கிறது, கோட்பாட்டாளர்கள் சயீதையும் ஹோமி பாபாவையும் வைத்து. அந்தப் பேப்பரை எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு எப்படிப் போதும்? ஆப்பிரிக்க, கரீபிய, தெற்காசிய எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதியதெல்லாம் இந்த மொத்தத் தொகுப்பில் இடம் பெறவில்லை என்றே சொல்லலாம். இந்தத் தளத்தை மட்டும் பார்த்து ஆங்கில இலக்கியம் இவ்வளவுதான் என்று யாராவது நினைத்தால் அது பெரிய இழப்பு. எல்லாமே பழைய பதிவுகள் என்பதால் அதற்குப் பின் வந்த வாசிப்புகளும் இதில் இருக்காது. படத்தின் தரமும் அந்தக் காலத்துத் தரம்தான். கரும்பலகையில் எழுதுவது பல இடங்களில் தெரியாது. ஒலி மட்டும் சுத்தமாக இருக்கிறது.

இன்னொரு பெரிய குறை, கலந்துரையாடல் வகுப்புகள் பதிவில் இல்லை. அங்கே பேராசிரியரின் விரிவுரைக்குப் பிறகு, சிறு குழுக்களாக உட்கார்ந்து மாணவர்கள் பேசுகிற வகுப்பு தனியாக உண்டு. இலக்கியப் பாடத்தின் பாதி உயிர் அங்கேதான் இருக்கிறது. நாம் பார்ப்பது மீதிப் பாதியை மட்டும். ஒரு பாடத்தில் பேசப் பிடிக்குமா, எழுதப் பிடிக்குமா என்பதை விரிவுரையைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. அதற்கு நான் வைத்திருக்கும் வழி இதுதான். ஒரு வகுப்பைக் கேட்டதும், அதில் பேசிய கவிதையையோ அத்தியாயத்தையோ பற்றி ஆசிரியர் சொல்லாத ஒன்றை ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன். பேனா ஓடினால் அந்தப் பாடம் எனக்கானது. ஆசிரியர் சொன்னதையே திருப்பி எழுதிக்கொண்டிருந்தால், அந்த ஆசிரியரைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது, பாடத்தை இல்லை. நம் துறையில் அதே பாடத்தை வேறொருவர் நடத்தும்போது அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும். கோட்பாட்டிலும் மில்டனிலும் எனக்குப் பேனா ஓடியது. அமெரிக்க நாவலில் ஓடவில்லை, அவ்வளவு ரசித்துக் கேட்டும்.

கேட்கிற வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வகுப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வகுப்பில் எல்லா ஆசிரியர்களும் நன்றாகத்தான் பேசுவார்கள், அது மாணவர்களை உள்ளே இழுக்கும் நாள். செமஸ்டரின் நடுவிலிருந்து, நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு கவிதையோ நாவலோ வரும் வகுப்பை எடுங்கள். மூலத்தைப் படித்துவிட்டுக் கேளுங்கள். நவீனக் கவிதையில் மேரியன் மூர், மில்டனில் 'பாரடைஸ் லாஸ்ட்' நடுப் பகுதிகள், கோட்பாட்டில் லக்கான், நாவலில் ராபின்சனின் 'ஹவுஸ்கீப்பிங்' இதற்குச் சரியாக இருக்கும். ஒலிப்பதிவை மட்டும் இறக்கிக்கொண்டு நடந்துகொண்டே கேட்பதானால் நாவல் வகுப்புகளுக்குப் பரவாயில்லை. மில்டனுக்கும் கவிதைக்கும் வரிகள் கண்ணெதிரே இருந்தே ஆக வேண்டும்.